43 இஞ்ச் டிவியை கம்ப்யூட்டருக்கு மானிட்டராகப் போடலாமா?

கேள்வி: பள்ளிப்பட்டு வாசகர், 9 அக்டோபர் 2025

ஜிஎஸ்டி குறைந்த பிறகு 43 இஞ்ச் 4கே டிவி கைக்கு எட்டுகிற விலைக்கு வந்துவிட்டது. அந்தக் காசுக்கு மானிட்டர் என்று போனால் 27 இஞ்ச்தான் கிடைக்கிறது. எனக்கு வேலை டேலி, எக்செல், ராத்திரியில் கொஞ்சம் யூடியூப். டிவியையே மானிட்டராகப் போட்டால் என்ன? "கண்ணு போயிடும்" என்கிறார் கடைக்காரர். அவர் மானிட்டரும் விற்கிறவர் என்பதால் முழுசாக நம்ப முடியவில்லை. போட்டு வேலை பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

9 அக்டோபர், இரவு

போடலாம் சார். நான் போட்டிருக்கிறேன். ஆந்திராவில், தமிழக எல்லையை ஒட்டிய நகரியில் கல்யாணப் பத்திரிகை, ஃப்ளெக்ஸ் டிசைன் செய்கிற கடை என்னுடையது. தமிழ், தெலுங்கு இரண்டும் ஓடும். நாள் முழுக்க எழுத்தையே பார்க்கிற பிழைப்பு.

கண்ணெல்லாம் போகாது. ஆனால் "4கேவா, எத்தனை இஞ்ச்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். கேட்க வேண்டியது வேறு. கடையில் பார்ட்டி உட்கார்ந்திருக்கிறார், நாளைக்கு எழுதுகிறேன்.

10 அக்டோபர்

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

43 இஞ்ச் 4கே என்பது 21.5 இஞ்ச் ஃபுல் எச்டி மானிட்டர் நாலை நடுவில் சட்டமில்லாமல் ஒட்டியது. கணக்கு சரியாக அப்படியே வரும். அகலத்தில் 3840 புள்ளி (பிக்சல்), உயரத்தில் 2160. ஒரு இஞ்சுக்குச் சுமார் 102 புள்ளி. நாம் பழகிய 24 இஞ்ச் ஃபுல் எச்டியில் 92தான். அதனால் நெருக்கத்தில் டிவி ஒன்றும் குறைந்ததில்லை.

குறை இருப்பது நிறத்தில். டிவி சேனல், டிவிடி, ப்ளூரே, ஓடிடி எதுவானாலும் படம் வரும்போதே நிறத்தைச் சுருக்கிக்கொண்டுதான் வருகிறது. வெளிச்சம் எவ்வளவு என்பது ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியாக வரும். என்ன நிறம் என்பது மட்டும் பக்கத்துப் பக்கத்து நாலு புள்ளிக்குச் சேர்த்து ஒன்றுதான். இதற்குப் பெயர் 4:2:0. சினிமா பார்க்கும்போது மனிதக் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது. டிவிக்காரர்களும் அதை நம்பித்தான் உள்ளே இருக்கிற சர்க்யூட்டைச் செய்கிறார்கள். கம்ப்யூட்டர் ஒவ்வொரு புள்ளிக்கும் முழு நிறம் அனுப்பும், அது 4:4:4. அதை டிவி வாங்கி, தன் வழக்கப்படி சுருக்கி, மறுபடி விரித்துக் காட்டினால் எழுத்து கெட்டுவிடும்.

எந்த எழுத்து கெடும் என்பதுதான் சுவாரசியம். வெள்ளையில் கறுப்பு எழுத்து அநேகமாகத் தப்பித்துவிடும், ஏனென்றால் அங்கே வித்தியாசம் முழுக்க வெளிச்சத்தில் இருக்கிறது. மஞ்சளில் சிவப்பு எழுத்து நிற்கும், ஓரம் மட்டும் கலங்கும். இலைப்பச்சையில் குங்குமச் சிவப்பு போட்டால் முடிந்தது கதை. இரண்டின் வெளிச்சமும் ஏறத்தாழ ஒன்று, நிறம் மட்டும்தான் வேறு. அந்த நிறத்தைத்தான் டிவி நாலுக்கு ஒன்றாக்கிவிட்டது. எங்கள் ஊர்ப் பக்கம் பத்திரிகையும் பேனரும் இந்த இரண்டு நிறத்தில்தான் பாதி வருகிறது. புடவை நிறமே பத்திரிகை நிறம்.

தமிழில் முதலில் காணாமல் போவது மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளி. சின்ன எழுத்தில் மெய்யெழுத்தின் தலையில் இருப்பது இரண்டு மூன்று பிக்சல்தான், அது பின்னணியோடு கரைந்தால் "க்" எல்லாம் "க" ஆகிவிடும். தெலுங்கில் அதைவிட மோசம். எழுத்துக்குக் கீழே தொங்குகிற ஒத்துகள் (கூட்டெழுத்தின் இரண்டாவது மெய்) எல்லாமே சின்னச் சின்னச் சுழிகள். என்னிடம் தெலுங்கு மேட்டர் அடிக்கிற புத்தூர்ப் பையன், டிவி போட்ட அன்றைக்கே, "அண்ணா, கீழ இருக்கிறது த ஒத்தா ந ஒத்தான்னு தெரியல" என்றான். அவனுக்குப் பார்வையில் ஒரு கோளாறும் கிடையாது.

10 அக்டோபர், மாலை

அதற்கு என்ன செய்வது என்று கேட்டிருக்கிறார் வேறொருவர். அநேக டிவியில் வழி இருக்கிறது, மெனுவில் ஒளித்து வைத்திருப்பார்கள்.

எல்ஜி, சாம்சங் இரண்டிலும், கம்ப்யூட்டர் கேபிள் வந்து சேர்கிற அந்த எச்டிஎம்ஐ இன்புட்டுக்கு "பிசி" என்று பெயர் அல்லது ஐகான் மாற்றினால் டிவி நிறத்தைச் சுருக்காமல் விட்டுவிடும். பல மாடல்களில் இதுதான் சாவி. அதோடு, அந்த போர்ட்டுக்கு முழு அகலத்தையும், அதாவது தகவல் போகிற வழி முழுவதையும், திறந்துவிடும் ஒரு செட்டிங் தனியாக இருக்கும். சாம்சங்கில் இன்புட் சிக்னல் ப்ளஸ், எல்ஜியில் அல்ட்ரா எச்டி டீப் கலர், சோனியில் என்ஹான்ஸ்டு ஃபார்மட். ஷார்ப்னஸைக் குறையுங்கள். அது கூர்மை இல்லை, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு வரைகிற வேலை. பல டிவியில் 0, சோனியில் 50 என்பதுதான் அதன் "ஒன்றும் செய்யாதே" நிலை.

டாஸ்க்பார் பாதி வெட்டுப்பட்டுக் கீழே போனால் அது ஓவர்ஸ்கேன். ஜஸ்ட் ஸ்கேன், ஃபிட் டு ஸ்கிரீன், ஃபுல் பிக்சல், இப்படிக் கம்பெனிக்கு ஒரு பெயர். அதைத் தட்டினால் சரியாகிவிடும்.

இன்னொன்று. கறுப்பு சாம்பலாகத் தெரிந்தால், அல்லது அடர்ந்த நிறமெல்லாம் ஒரே கறுப்பாக அப்பிக்கொண்டால், கிராஃபிக்ஸ் செட்டிங்கில் ஃபுல், லிமிடெட் என்று இருப்பதைப் பாருங்கள். டிவி 16 முதல் 235 வரையிலான அளவில் எதிர்பார்க்கும், கம்ப்யூட்டர் 0 முதல் 255 வரை அனுப்பும். இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்.

13 அக்டோபர்

பள்ளிப்பட்டு சார் தன் கம்ப்யூட்டர் இன்டெல் எட்டாம் தலைமுறை, தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை என்று எழுதியிருக்கிறார். அப்படியானால் ஒரு வேகத்தடை இருக்கிறது. அந்தக் காலத்து மதர்போர்டு பலவற்றில் எச்டிஎம்ஐ 1.4தான். 4கே என்றால் அதில் நொடிக்கு 30 படம்தான் போகும். டேலியில் எண் தட்டும்போது தெரியாது. மவுஸை நகர்த்தினால் தெரியும், கை ஒரு பக்கம் அம்பு ஒரு பக்கம் என்று இழுத்துக்கொண்டு வரும். 60 வேண்டுமென்றால் எச்டிஎம்ஐ 2.0 வேண்டும். 2013இல் வந்தது அது, 18 ஜிகாபிட் போகும், 4கே 60 ஹெர்ட்ஸில் நிறம் சுருங்காமல் வந்துவிடும்.

உங்கள் பெட்டியின் பின்னால் டிஸ்ப்ளே போர்ட் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதிலிருந்து எச்டிஎம்ஐ 2.0க்கு மாற்றுகிற ஆக்டிவ் கன்வர்ட்டர் வாங்கினால் வேலை முடிந்தது. சும்மா முனையை மட்டும் மாற்றுகிற மலிவு அடாப்டர் பல இடத்தில் 30ஐத் தாண்டாது. டிஸ்ப்ளே போர்ட்டும் இல்லையென்றால் சின்னதாக ஒரு கிராஃபிக்ஸ் கார்டு.

60 வந்த பிறகும் மவுஸ் மெதுவாக இருக்கிறதா? அப்போது டிவி படத்தை மெருகேற்றுகிறேன் என்று உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிறது. கேம் மோட் அல்லது பிசி மோட் போட்டால் அந்த மெருகெல்லாம் நின்றுவிடும். விளையாடுகிறவர்களுக்கு மட்டும் என்று நினைத்து அதை விட்டுவிடாதீர்கள்.

19 அக்டோபர்

நாளைக்கு தீபாவளி. ஆஃபரில் வாங்கப் போகிறவர்களுக்கு அவசரமாக ஒன்று.

கடையில் ஓடுகிற மயில், அருவி, பழக்கூடை வீடியோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீட்டிலிருந்து லேப்டாப்பும் கேபிளும் எடுத்துப் போங்கள். பெயிண்டைத் திறந்து இலைப்பச்சை அடித்து, அதன்மேல் சிவப்பில், 10, 12 அளவில், மெய்யெழுத்துப் புள்ளி நிறைய வருகிற ஒரு வரியைத் தட்டுங்கள். "நிச்சயதார்த்தம்" நல்ல வார்த்தை. பக்கத்தில் வெள்ளையில் கறுப்பிலும் அதையே தட்டுங்கள். இன்புட்டைப் பிசி என்று மாற்றிப் பாருங்கள். மாற்றியும் சிவப்பு வரி மட்டும் அழுக்காகவே இருந்தால் அந்த மாடல் வேண்டாம். லேப்டாப்பின் எச்டிஎம்ஐயும் 1.4ஆக இருக்கலாம், அதனால் 30 ஹெர்ட்ஸிலேயே வைத்துச் சோதியுங்கள். நிறம் சுருங்குகிறதா என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

திருப்பதியில் நான் இப்படி நின்றபோது சேல்ஸ் பையன்கள் சுற்றி நின்று யார் கல்யாணம் என்று விசாரித்தார்கள். கேட்கட்டும்.

ஜிஎஸ்டி பற்றி ஒரு சிறு குறிப்பு. 32 இஞ்சுக்கு மேல் போனால் 28 சதவீதம் இருந்தது, செப்டம்பர் 22 முதல் 18 ஆகியிருக்கிறது. பெரிய மானிட்டருக்கும் அதே குறைப்புதான். டிவிக்கு மட்டும் கிடைத்த சலுகை இல்லை.

27 அக்டோபர்

இரண்டு நாளாக இடி. அதனால் இது.

டிவியில் கேபிள்காரரின் வயரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து மாட்டி வைக்காதீர்கள். தெருக்கம்பத்தில் தொங்கி வருகிற வயரில் இடி விழுந்தால், அது செட்டாப் பாக்ஸ், டிவி, எச்டிஎம்ஐ, கம்ப்யூட்டர் என்று வரிசையாகப் போகும். மெயினை அணைத்தாலும் அந்த வழி திறந்துதான் இருக்கும். எனக்குத் தெரிந்த தறிக்காரர் ஒருவர் ஏகாம்பரகுப்பத்தில் ஒரே ராத்திரியில் மூன்றையும் பறிகொடுத்தார்.

எர்த் விஷயமும் உண்டு. கம்ப்யூட்டருக்கு மூன்று பின், டிவிக்குப் பெரும்பாலும் இரண்டு பின். வீட்டில் எர்த் சரியில்லையென்றால் கேபினெட்டைத் தொடும்போது சுருசுருவென்று இருக்குமே, அந்த மின்சாரம் எச்டிஎம்ஐ கேபிளைக் குத்தும் நேரத்தில் அதன் வழியாகப் பாயும். போர்ட் இப்படியும் செத்துப்போகும். இரண்டையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு கேபிள் மாட்டுங்கள். தறி ஓடுகிற தெருவில் இருப்பவர்கள் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். டிவி, மானிட்டர் எது வைத்தாலும் இது தேவை.

5 நவம்பர்

ஒரு தம்பி கேட்கிறார்: "இவ்வளவு தொல்லை இருக்கிறதே, ஏன் இன்னும் டிவியை வைத்திருக்கிறீர்கள்?"

நல்ல கேள்வி. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பார்ட்டிக்காகத்தான்.

முன்பு ப்ரூஃப் எடுத்துக் கொடுப்பேன், மாப்பிள்ளை வீட்டார் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள், "எல்லாம் சரியாயிருக்கு" என்று போன் வரும், அச்சாகி வந்த பிறகுதான் பெரியப்பா பெயர் சித்தப்பா பெயருக்குக் கீழே இருப்பது தெரியும். இப்போது 43 இஞ்சில் பத்திரிகை சுவர் அளவுக்கு நிற்கிறது. பெஞ்சில் இருக்கிற அஞ்சு பேரும் படிக்கிறார்கள். இன்ஷியல் தப்பு, படிப்பு விட்டுப்போனது, தாய்மாமன் பெயருக்கு முன்னால் "திரு" இல்லை, எல்லாச் சண்டையும் கடையிலேயே முடிந்துவிடுகிறது. வேறு வேலையாக வந்தவர்கூட, சம்பந்தமே இல்லாத கல்யாணத்துக்குப் பிழை திருத்துகிறார். ஒருமுறை தெலுங்கு சுபலேகாவில் (கல்யாணப் பத்திரிகையில்) முகூர்த்த நேரம் பஞ்சாங்கத்தோடு ஒத்துவரவில்லை என்று அப்படி ஒரு பெரியவர்தான் பிடித்தார்.

மானிட்டரை எந்தப் பக்கம் திருப்பினாலும் இது நடக்காது.

18 நவம்பர்

32 இஞ்ச் டிவி வீட்டில் சும்மா கிடக்கிறது, அதைப் போடலாமா என்று இரண்டு மூன்று பேர். பின்னால் எச்டி ரெடி என்று ஒட்டியிருந்தால் வேண்டாம். அதன் பேனலில் 1366க்கு 768தான், இஞ்சுக்கு ஐம்பது புள்ளிகூட வராது. கம்ப்யூட்டர் 1080 அனுப்பினால் டிவி அதை நசுக்கிக் காட்டும். 32 ஃபுல் எச்டி என்றால் 69 புள்ளி, தள்ளி உட்கார்ந்தால் ஒப்பேற்றலாம்.

55 கேட்பவருக்கு: இஞ்சுக்கு 80 புள்ளி. ஹாலில் சோபாவில் உட்கார்ந்து பார்க்க நன்று, மேசையில் வேண்டாம்.

2 டிசம்பர்

பெரிது பற்றி நானே இப்போது கொஞ்சம் வேறு மாதிரி யோசிக்கிறேன்.

43 இஞ்ச் டிவி ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் அகலம். சாதாரண கம்ப்யூட்டர் மேசையில் கண்ணுக்கும் திரைக்கும் 60 சென்டிமீட்டர் இருந்தால் அதிகம். அந்தத் தூரத்தில் ஓரத்தைக் கிட்டத்தட்ட 40 டிகிரி சாய்வில்தான் பார்க்கிறீர்கள். டிவியில் பெரும்பாலும் வருவது விஏ பேனல். நேரே பார்த்தால் கறுப்பு ஆழமாக இருக்கும், சாய்ந்து பார்த்தால் நிறம் வெளிறும். ஒரே மஞ்சளை நடுவிலும் மூலையிலும் வைத்தால் இரண்டு மஞ்சளாகத் தெரியும். கணக்கு எழுதுகிறவருக்கு இதனால் நஷ்டமில்லை. நிறம் பார்த்துப் பிழைக்கிறவருக்கு, சாய்ந்து பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐபிஎஸ் பேனல் வேண்டும்.

கழுத்தும் இருக்கிறது. திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு மேலே போய்விடும். மேலே இருக்கிற மெனுவை நாளெல்லாம் அண்ணாந்து பார்த்தால் சாயங்காலம் பிடரி சொல்லும். நான் டிவியைச் சுவரில் தாழ்வாக அறைந்துவிட்டு மேசையைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் போட்டேன். இப்போது 90 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் உட்கார முடிந்தது. டிவியின் இரண்டு காலும் இரண்டு கோடியில் இருப்பதால் சின்ன மேசையில் நிற்கவும் நிற்காது. வாங்கும் முன்னால் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

மேசை ஆழம் இல்லாதவர்களுக்கு 27 இஞ்ச் மானிட்டரே போதும் என்பேன், காசு வீண் என்று நினைக்க வேண்டாம்.

3 டிசம்பர்

4:4:4 வந்த பிறகும் எழுத்தில் சிவப்பும் நீலமுமாக நிழல் தெரிகிறது என்கிறார் ஒருவர். சில டிவி பேனலில் சிவப்பு, பச்சை, நீலம் வரிசை தலைகீழாக இருக்கும். விண்டோஸ் தேடலில் கிளியர்டைப் என்று தட்டி, வரும் பெட்டிகளில் உங்கள் கண்ணுக்குத் தெளிவானதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போங்கள்.

21 டிசம்பர்

ஓஎல்இடி (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிற டிவி): படத்துக்கு அதை அடிக்க ஆளில்லை. டேலிக்கு வேண்டாம். ஒரே மெனு பட்டையும் ஒரே டாஸ்க்பாரும் நாளுக்கு பத்து மணி நேரம் நின்றால் நாளடைவில் அதன் தடம் திரையில் தங்கிவிடும். அதைத் தடுக்க, அசையாத படம் என்றால் டிவி தானாகவே வெளிச்சத்தைக் குறைக்கும். நீங்கள் படித்துக்கொண்டே இருப்பீர்கள், விளக்கு இறங்கிக்கொண்டே போகும்.

8 ஜனவரி 2026

தை முகூர்த்த வேலை தலைக்கு மேல். சேர்ந்துவிட்ட கேள்விகளுக்கு வேகமாக.

டிவி தானாக எழுந்திருக்காது. மானிட்டர் என்றால் கம்ப்யூட்டர் தூங்கினால் தூங்கும், தட்டினால் விழிக்கும். அநேக டிவிக்கு அந்தப் பழக்கமில்லை, அநேகக் கம்ப்யூட்டரும் எச்டிஎம்ஐ வழியாக டிவியை எழுப்பாது. ரிமோட்டை மேசையிலேயே கயிறு கட்டி வையுங்கள். எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே தேடுகிற பொருள்.

மின்சாரம்: 24 இஞ்ச் மானிட்டர் 20, 25 வாட் எடுக்கும். 43 இஞ்ச் எல்இடி டிவி 70 முதல் 100 வரை போகும். 600 விஏ யுபிஎஸ் வைத்திருப்பவர்கள் டிவியையும் அதில் மாட்டினால் சேவ் செய்து அணைக்கத்தான் நேரம் இருக்கும்.

ஃப்ளெக்ஸ் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டும்: விவிட் மோடை முதல் நாளே எடுத்துவிடுங்கள். அதில் பார்ட்டி பார்க்கிற சிவப்பு எந்த மெஷினிலும் வராது. "டிவியில பளபளன்னு இருந்துச்சே" என்று பேனரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். வெளிச்சத்தையும் பாதியாகக் குறையுங்கள், டிவி பத்தடி தூரத்துக்குச் செய்தது. நான் நிறத்தைச் சரிபார்க்கப் பழைய ஐபிஎஸ் மானிட்டரைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். டிவி எழுத்துக்கும் பெஞ்சுக்கும்.

கடையில் வைப்பவர்கள் வாரண்டி அட்டையைப் படியுங்கள். வணிக உபயோகம் என்றால் வாரண்டி கிடையாது என்று பல டிவியில் சின்ன எழுத்தில் இருக்கும். அந்த எழுத்தைப் படிக்க 43 இஞ்ச் உதவாது.

19 ஜனவரி

பள்ளிப்பட்டு சார் கடைசியில் வாங்கிவிட்டார். வாழ்த்துகள். கன்வர்ட்டரும் போட்டுவிட்டாராம், 60 வருகிறதாம். ஆனால் எக்செலில் மைனஸ் தொகை எல்லாம் சிவப்பில் வெளிறிப்போய்த் தெரிகிறது என்கிறார்.

சார், விண்டோஸில் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பக்கத்தைத் திறந்து கலர் ஃபார்மட் என்ன என்று பாருங்கள். ஆர்ஜிபி (முழு நிறம்) என்று இருந்தால் கோளாறு டிவி மெனுவில், அக்டோபர் 10 மாலையில் எழுதியதைச் செய்யுங்கள். 420 என்று முடிந்தால் கேபிளோ, கன்வர்ட்டரோ, போர்ட்டோ, அந்த போர்ட்டின் முழு அகலத்தைத் திறக்கிற செட்டிங்கோ காரணம். எல்லா டிவியிலும் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் சமம் இல்லை, சிலதில் ஒன்றோ இரண்டோதான் முழு அகலம். பல டிவியில் பின்னால் போர்ட் பக்கத்தில் 4கே 60 என்று அச்சடித்திருக்கும். இரண்டையும் அணைத்து, பிளக்கைக் கழற்றிவிட்டு அதில் மாற்றிக் குத்துங்கள். அப்போதும் வரவில்லையென்றால் கேபிளின் நீளம் எவ்வளவு என்று எழுதுங்கள்.